வீதியின் ஹக்கு

"தங்கள் ஜாகை எந்தத் தெருவில்?" என்று முன்னாளில் நம்மவர் ஒருவரைக் கேட்டால், அவர் கடையிருக்கும் தெருவின் பெயரையே சொல்லுவார். கீழே வியாபாரம், மேல்மாடியில் படுக்கை, பின்கட்டில் அடுப்பு, எட்டும் தூரத்தில் பள்ளிவாசல். ஒரே தெருவில் அவருடைய உலகம் அடங்கிவிடும். இன்று அதே கேள்விக்குப் புளோக் எண்ணும் மாடி எண்ணும் பதிலாக வருகின்றன. தெருவென்பது காலையில் கதவு திறந்து இரவில் பூட்டிவிட்டு வரும் இடமாகிவிட்டது.

இவ்விரு நிலையிலும் ஒரு கேள்வி நம்மை விடாமல் தொடர்கிறது. நமக்குச் சோறு போடும் தெருவுக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? வாடகையும் வரியும் செலுத்திவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? தீராதென்றால், மீதிக் கடன் யாருக்கு? சிந்திப்பவர்களுக்கு இது சிறிய கேள்வியன்று.

கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் இதற்கு வெகு தெளிவாக வழிகாட்டியிருக்கிறார்கள். பாதையோரங்களில் உட்காருவதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு ஸஹாபாக்களை எச்சரித்தபோது, "எங்களுக்கு அது இன்றியமையாதது, அங்கேதான் கூடிப் பேசுகிறோம்" என்ற கருத்தில் அவர்கள் விண்ணப்பித்துக் கொண்டார்கள். அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று பெருமானார் பணித்தார்கள். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பது, சலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவையே அந்த ஹக்கு என்று விளக்கமும் தந்தார்கள். இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது.

இதில் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பெருமானார் தெருவில் அமர்வதை அடியோடு விலக்கிவிடவில்லை. தேவையை ஏற்றுக்கொண்டார்கள்; தேவையோடு ஒரு கடமையையும் சேர்த்துக் கட்டினார்கள். தெருவின் பயனை எவர் எடுத்துக்கொள்கிறாரோ அவர் தெருவின் ஹக்கையும் சுமக்க வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

நம் முன்னோர் வந்திறங்கிய தெருக்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் ஸ்ட்ரீட் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது. 1880-களில் கடல் தூர்க்கப்படும் வரை அலை அந்தத் தெருவின் ஓரத்திலே வந்து அடித்தது. கப்பலிலிருந்து இறங்கியவன் முதலில் மிதித்த மண் அதுவே. அங்கே 1827-ல் சோழியர்கள் ஒரு தொழுகைக் குடிசை எழுப்பினார்கள். குச்சுப் பள்ளி என்ற அப்பெயர் அல் அப்ரார் பள்ளியாகக் கல் கட்டடமான பின்பும் நிலைத்து நின்றது. 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்கா எழும்பிற்று. சில ஆண்டுகள் கழித்து அதே வரிசையில் சீனர்கள் தங்கள் கடல் தெய்வத்துக்குத் தியான் ஹோக் கெங் கோயிலைக் கட்டினார்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் பெரிய பள்ளி என்று நம்மவர் அழைத்த ஜாமிஆப் பள்ளியும், மாரியம்மன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பினாங்கிலும் இதே காட்சிதான். 1801-ல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளியிருக்கும் சாலையிலேயே சீனர்களின் குவான் யின் கோயிலும் நிற்கிறது.

இத்தெருக்களில் வாழ்ந்தவர்களின் வாழ்வும் ஒரே மாதிரியாக இருக்கவில்லை. கடையநல்லூர் மக்களில் பலர் குடும்பத்தோடு வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியிருந்தார்கள். அங்கே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. வேறு பல தெருக்களிலோ ஆண்கள் மட்டும் வாழ்ந்தார்கள். மனைவி மக்கள் நாகூரிலோ கூத்தாநல்லூரிலோ இருப்பார்கள். இவர் இங்கே கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர்ப்பயணம். மற்ற நாளெல்லாம் மணியார்டர், கடிதம், காத்திருப்பு.

இந்த வாழ்க்கை நம்மிடம் ஒரு மனப்போக்கை வளர்த்துவிட்டது. "நாமோ முஸாபிர். நாளை ஊருக்குப் போகிறவனுக்கு இந்தத் தெரு எப்படிப் போனாலென்ன?" என்ற எண்ணந்தான் அது. ஊர்ப்பயணம் நின்று, இந்நாட்டுக் குடிமக்களாகிப் பேரப்பிள்ளைகளைக் கண்ட பிறகும் அந்த எண்ணம் சிலரை விட்டபாடில்லை. உலகத்தில் அந்நியனைப் போல, வழிப்போக்கனைப் போல இருந்துகொள் என்று பெருமானார் (ஸல்) இப்னு உமர் (ரலி) அவர்களுக்குச் செய்த உபதேசத்தையும் சிலர் இதற்குத் துணைக்கு அழைக்கிறார்கள்.

அந்த உபதேசம் உலக ஆசையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னதேயன்றிப் பாதையைக் கெடுத்துவிட்டுப் போகச் சொன்னதன்று. யோசித்துப் பார்த்தால், பாதையின் அருமை வழிப்போக்கனுக்குத் தெரிவது போல் வேறெவருக்கும் தெரியாது. நிழலும் தண்ணீரும் தடையில்லாத வழியும் அவனுக்கல்லவா உயிர்? தனக்கு முன் போனவன் முள்ளை அகற்றியதால்தான் தன் கால் தப்பியது என்பதை அவன் அறிவான். பாதையில் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒரு மனிதரின் செயலை அல்லாஹ் ஏற்று, அவரை மன்னித்தான் என்ற நபிமொழி நாமெல்லாம் கேட்டதே. தெலுக் ஆயரில் குடிசை போட்டுப் பள்ளி வைத்தவர்களும் முஸாபிர்களே. நாளை போகிறவர்கள்தாம், நாளை மறுநாள் வருகிறவனுக்காகக் கட்டினார்கள்.

இனி நம் கடை வாசலுக்கு வருவோம். 1822-ல் ராபிள்ஸ் சிங்கப்பூர் நகரை வகுத்தபோது, தெருவின் இருமருங்கிலும் ஒவ்வொரு கட்டடமும் மக்கள் தொடர்ந்து நடந்து செல்லக் கூரையிட்ட திறந்த வழியொன்றை விடவேண்டுமென்று விதித்தார். அதுவே நாம் அறிந்த ஐந்தடிப் பாதை. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்கப் பொதுமக்களுக்கு விட்ட வழி அது. ஆனால் நடந்ததென்ன? கடைக்காரர் தம் சரக்கை அதில் பரப்பினார். அங்காடிக்காரர் கூடையை இறக்கினார். 1888-ல் நகராட்சியார் அப்பாதைகளைக் காலி செய்ய முற்பட்டபோது கடைகள் அடைக்கப்பட்டுக் கல்வீச்சும் கலகமும் மூண்டன. ஆக, ஐந்தடிப் பாதை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு நம் பாட்டனார் காலத்துக்கும் முந்தியது.

நம் மார்க்கச் சட்டம் இதில் மௌனமாக இருக்கவில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன் எழுதிய மின்ஹாஜில் இதைப் பேசியிருக்கிறார்கள். பொதுவழியின் பயன் நடப்பதற்கே உரியது என்பது அவர்கள் காட்டும் அடிப்படை. இளைப்பாறவும் கொடுக்கல் வாங்கலுக்கும் அங்கே அமரலாம். அதற்கு ஆட்சியாளரின் அனுமதிகூட நிபந்தனையில்லை. பாயோ பிறிதொன்றோ கட்டி நிழல் செய்துகொள்ளவும் இடமுண்டு. ஆனால் நடப்பவர்களுக்கு வழி குறுகிவிடக் கூடாது என்ற ஒரு வரம்பு அவற்றையெல்லாம் கட்டுகிறது. வியாபாரியின் பிழைப்பை எவ்வளவு பரிவோடு எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள்! அந்தப் பரிவுக்குள்ளேயே நடப்பவனுடைய ஹக்கையும் எவ்வளவு உறுதியாகப் பாதுகாத்திருக்கிறார்கள்!

இங்கே என்னுடைய குற்றமொன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் கடை வைத்திருந்த காலத்தில், பெருநாள் வியாபாரச் சமயமொன்றில் சரக்குப் பெட்டிகளை ஐந்தடிப் பாதையில் அடுக்கியிருந்தேன். கண்பார்வையற்ற பெரியவர் ஒருவர், சீனர், டிஷ்யூ தாள் விற்பவர், வழக்கமாக அவ்வழியே கைத்தடியால் தட்டிக்கொண்டு போவார். அன்று தடி பெட்டியின் மேல் பட்டு நழுவ, அவர் முழங்கால் அடிபட்டு விழுந்தார். தாள் கட்டுகள் சிதறின. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். எல்லாக் கட்டுகளையும் நானே வாங்கிக்கொண்டு, பத்து வெள்ளி கூடுதலாகவும் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காசை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு கணக்கெழுதும்போது மனம் உறுத்திற்று. காசு கொடுத்தேனேயன்றி, "நான் செய்தது தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் கேட்கலாமென்று பெட்டிகளை உள்ளே இழுத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் வரவேயில்லை.

தெருவின் ஹக்கு ஏன் மற்றக் கடன்களைவிடக் கனமானது என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன். மனிதருக்கு மனிதர் செலுத்த வேண்டிய ஹக்கை அந்த மனிதரே பொறுத்தாலன்றி அது தீராது என்பது நாம் படித்த பாடம். சரக்குக் கொடுத்தவருக்கு நாம் தரவேண்டிய பாக்கி பேரேட்டில் பெயரோடு இருக்கிறது, தேடிப்போய்த் தீர்க்கலாம். நாம் வழியைக் குறுக்கியதால் வெயிலில் இறங்கி நடந்த கர்ப்பிணியையும், வண்டிக்கு அஞ்சி ஒதுங்கிய கிழவனையும், தள்ளுவண்டியைத் தூக்கி இறக்கிய தாயையும் எந்தப் பேரேட்டில் தேடுவது? பெயர் தெரியாதவரிடம் பட்ட கடனை எவரிடம் போய்த் தீர்ப்பது?

"பக்கத்துக் கடைக்காரர் இரண்டடி எடுத்துக்கொள்கிறார், நான் சும்மாயிருந்தால் வாடிக்கை அவரிடம் போய்விடும். வாடகை ஏறிக்கொண்டே போகிறது. பிழைப்பைப் பார்ப்பதா, தர்மம் பார்ப்பதா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். இது வெறும் சாக்கன்று. வாடகைச் சுமை எத்தகையதென்பதை நாமறிவோம். பினாங்கில் வாடகைக் கட்டுப்பாட்டின் பாதுகாப்பு 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது நீங்கிவிட, தலைமுறை தலைமுறையாக அங்கிருந்த எத்தனையோ பேர் பழைய தெருக்களை விட்டுப் போனார்கள்.

ஆயினும் வியாபாரிக்கு வியாபார நியாயத்தாலேயே பதில் சொல்லலாம். ஒருவர் பொருளை மற்றவர் அனுபவிப்பதானால் அது இருவரும் மனமொப்பிய வியாபாரமாக இருக்க வேண்டுமென்று திருக்குர்ஆன் கட்டளையிடுகிறது. பக்கத்துக் கடைக்காரரோடு நமக்குப் போட்டி; வாடிக்கையாளரோடு பேரம். இவர்கள் இருவரும் நம் வியாபாரத்தில் உள்ளவர்கள். நடந்து போகிறவனோ அதில் இல்லாதவன். அவன் எதையும் விற்கவில்லை, எதற்கும் ஒப்பவில்லை. நம் போட்டிக்கான முதலை அவனுடைய காலடியிலிருந்து எடுக்கிறோம். மனமொப்பாதவனிடமிருந்து எடுத்த இரண்டடியில் வரும் லாபத்தை எந்தப் பெயரில் வரவு வைப்பது? அதிகாரிகள் சில இடங்களில் அனுமதி தரலாம். அனுமதிச்சீட்டு அபராதத்திலிருந்து காக்கும். வழி குறுகியதா இல்லையா என்பதை நம் கண்ணே பார்த்துச் சொல்ல வேண்டும்.

தெரு ஓர் அமானிதம் என்பதை அண்மையில் ஒரு துயரச் செய்தி நினைவூட்டிற்று. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் நாள் கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில், நடைபாதை திடீரென உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர் அதில் விழுந்து மறைந்தார். ஒன்பது நாட்கள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. நம்மவர் கடைகள் நிறைந்த தெரு அது. காலுக்குக் கீழே மண் உறுதியாக இருக்கிறதென்ற நம்பிக்கையிலேயே ஒவ்வொருவரும் நடக்கிறோம். அந்த நம்பிக்கையை யாரோ முகமறியாத பலர் நமக்காகக் காத்துவருகிறார்கள். மண்ணுக்கடியில் இருப்பது நம் கைக்கு எட்டாது. நம் வாசலின் முன்னுள்ள ஐந்தடியோ நம் கையிலேயே இருக்கிறது.

வீட்டுப் பக்கமும் இதே பாடந்தான். 1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிய பின் சிங்கப்பூரில் நம் மக்கள் தெருவைவிட்டு அடுக்குமாடிக்குப் போனார்கள். அங்கே நடைவழிதான் தெரு. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் கதவுக்குக் கதவு வாழ்கிறார்கள். உறவினரான அண்டையார், அந்நியரான அண்டையார், பக்கத்திலிருக்கும் தோழர், வழிப்போக்கர் ஆகிய அனைவருக்கும் நன்மை செய்யுமாறு அருள்மறையின் நான்காம் அத்தியாயம் ஒரே வசனத்தில் பணிக்கிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, "நம் யூத அண்டைவீட்டாருக்குக் கொடுத்தீர்களா?" என்று திரும்பத் திரும்ப விசாரித்தார்கள் என்று காண்கிறோம். அண்டையாரின் ஹக்கு கலிமாவைப் பார்த்து நிற்பதில்லை.

எனவே அன்பர்களே, பெரிய காரியங்கள் வேண்டியதில்லை. நாளைக் காலை கதவைத் திறக்கும்போது, வாசலுக்கு வெளியே நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கைத்தடியோடு பத்தடி நடப்பதாக எண்ணிப் பாருங்கள். தடி எங்கே முட்டுகிறதோ அங்கேயிருந்து சரக்கை உள்ளே இழுத்துவிடுங்கள். தண்ணீர் கொட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள். போகிறவர் வாங்க வந்தவரா என்று பாராமல் முகமலர்ச்சி காட்டுங்கள். பெயர் தெரியாத ஒருவரிடம் பட்ட கடனை, பெயர் தெரியாத எல்லோருக்குமாகக் கொடுத்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. என் கடை வாசலில் அன்றுமுதல் பெட்டி வைத்ததில்லை. அந்தப் பெரியவர் என்னைப் பொறுத்துக்கொண்டாரா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

நாம் நடக்கும் பாதைகளையும், நம்மால் பிறர் நடக்கும் பாதைகளையும் வல்ல நாயன் நேராக்கி வைப்பானாக! ஆமீன்.