யாருடைய இடம் அது?

2001 மே மாதம் ஆண்டிப்பட்டி தொகுதி வாக்காளர்கள் தங்க தமிழ்ச்செல்வனை ஐந்து ஆண்டுகளுக்குச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். ஓர் ஆண்டு முடிவதற்குள் அவர் பதவி விலகினார். 2002 பிப்ரவரி 21-ல் இடைத்தேர்தல் நடந்தது. ஜெயலலிதா 41 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் வென்று, மார்ச் 2-ல் மீண்டும் முதலமைச்சரானார். இதில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது. தங்க தமிழ்ச்செல்வன் விட்டுக்கொடுத்த அந்த இடம், விட்டுக்கொடுக்க அவருக்குச் சொந்தமானதுதானா?

ஆண்டிப்பட்டி விசித்திரமான தொகுதி. வைகை அணை இதில் இருக்கிறது. அந்த அணைக்குத் தண்ணீர் கொண்டுவரும் மூல வைகை பிறக்கும் வருசநாட்டு மலையும் இதில்தான் இருக்கிறது. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை தாண்டி வருசநாடு, வாலிப்பாறை, அரசரடி என்று சாலை சுருங்கிக்கொண்டே போய்க் காட்டில் முடியும். இலவம் பஞ்சையும் மானாவாரியையும் நம்பி வாழும் இந்த மலையடிவாரத்துக்கு வாக்குச்சீட்டு ஒன்றே சென்னைக்குப் போகும் பாதை. ஆனால் தொகுதியின் பெயர் நாடெங்கும் தெரிந்தது தலைவர்களால்தான். 1984 டிசம்பரில் எம்.ஜி.ஆர். நியூயார்க் நகரின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே இங்கே போட்டியிட்டார். தொகுதிக்குள் காலடி வைக்காமலே வென்றார். அன்று வாக்களித்தவர்களுக்கு அது அன்பின் வெளிப்பாடு. அந்த அன்பைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

2002-ல் நடந்ததற்குக் காரணம் இருந்தது. டான்சி நில பேர வழக்குத் தண்டனை காரணமாக 2001 தேர்தலில் ஜெயலலிதா போட்டியிட முடியவில்லை; ஆண்டிப்பட்டி உட்பட நான்கு தொகுதிகளிலும் அவருடைய மனுக்கள் தள்ளுபடியாயின. கட்சி வென்றதும் மே 14-ல் முதலமைச்சரானார். அந்த நியமனம் செல்லாது என்று செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரியகுளத்தில் வென்றிருந்த ஓ.பன்னீர்செல்வம் முதலமைச்சரானார். டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் டான்சி வழக்கில் ஜெயலலிதாவை விடுவித்த பிறகு, அவர் அவைக்குள் வர ஒரு தொகுதி வேண்டியிருந்தது. அவையில் உறுப்பினராக இல்லாத ஒருவர் ஆறு மாதத்துக்கு மேல் அமைச்சராக நீடிக்க முடியாது என்கிறது அரசமைப்பின் 164(4) பிரிவு.

முன்பு இதற்கு இன்னொரு வாசல் இருந்தது. 1952-ல் ராஜாஜியும் 1967-ல் அண்ணாவும் மேலவை வழியாகவே முதலமைச்சர் பதவியில் நீடித்தார்கள். எந்தச் சட்டமன்ற உறுப்பினரும் அவர்களுக்காகத் தன் தொகுதியைக் காலி செய்ய நேரவில்லை. 1986-ல் மேலவை கலைக்கப்பட்டது. கலைத்தது எம்.ஜி.ஆர். அரசு, அப்போது அவர்தான் ஆண்டிப்பட்டியின் உறுப்பினர். அவர் அடைத்த வாசலின் விளைவு பதினைந்து ஆண்டுகள் கழித்து அவருடைய தொகுதியிலேயே வந்து நின்றது.

விட்டுக்கொடுத்ததை ஆதரிப்பவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. 2001-ல் தமிழகம் முழுவதும் மக்கள் யாரை மனத்தில் வைத்து வாக்களித்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அதிலும் ஆண்டிப்பட்டிக்காரர்கள், தலைவியின் மனு தள்ளுபடியானதால் அவர் இடத்தில் நின்றவரையே தேர்ந்தெடுத்தார்கள். அந்த இடம் ஒரு பொறுப்பாகவே அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது, உரியவர் வந்ததும் ஒப்படைத்துவிட்டார் என்று சொல்வதில் நியாயம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இடைத்தேர்தல் என்பதே மக்களிடம் திரும்பக் கேட்பதுதான். பிடிக்காவிட்டால் அவர்கள் மறுக்கலாம்.

மறுத்தும் இருக்கிறார்கள். பிரிட்டனில் 1964 தேர்தலில் தோற்ற பேட்ரிக் கார்டன் வாக்கர் வெளியுறவு அமைச்சராக்கப்பட்டார். அவருக்காக லேட்டன் தொகுதியின் மூத்த உறுப்பினர் ரெஜினால்ட் சோரன்சன் மேலவைக்கு அனுப்பப்பட்டார். 1965 ஜனவரி இடைத்தேர்தலில் லேட்டன் மக்கள் அமைச்சரை 205 வாக்குகளில் தோற்கடித்தார்கள். அவர் பதவி விலகினார். உத்தரப் பிரதேச முதலமைச்சர் டி.என்.சிங் 1971-ல் மணிராம் தொகுதியிலும், ஜார்க்கண்ட் முதலமைச்சர் சிபு சோரன் 2009-ல் தமார் தொகுதியிலும் இடைத்தேர்தலில் தோற்றுப் பதவி இழந்தார்கள். வாக்காளரின் கை கட்டப்பட்டிருக்கவில்லை என்பதற்கு இவை சாட்சி.

இருந்தாலும் இவை அரிதானவை. பொதுத்தேர்தலில் மாநிலம் முழுவதும் சிதறிக்கிடக்கும் அரசியல் பலம், இடைத்தேர்தலில் ஒரே தொகுதிக்குள் இறங்குகிறது. அமைச்சர்கள் ஒன்றியம் ஒன்றியமாகப் பிரித்துக்கொண்டு முகாமிடுவது தமிழகத்துக்குப் பழகிப்போன காட்சி. பணமும் கூடவே வருகிறது. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அதற்குத் ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. 2019 ஏப்ரலில் ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலுக்கு இரு நாட்கள் முன்பு வருமான வரித்துறை நடத்திய சோதனையில், வார்டு எண்ணும் வாக்காளருக்கு 300 ரூபாய் என்ற கணக்கும் எழுதிய உறைகளில் 1.48 கோடி ரூபாய் பிடிபட்டது. சோதனையைத் தடுக்கக் கூட்டம் திரண்டபோது போலீசார் வானை நோக்கிச் சுட்டார்கள். இத்தகைய சூழலில் கேட்கப்படும் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று கொள்வது கடினம். மேலும், இடைத்தேர்தலில் வாக்காளரிடம் வைக்கப்படுவது வேறொரு கேள்வி. ‘உங்கள் உறுப்பினரைப் போக விடுகிறீர்களா?’ என்று யாரும் கேட்பதில்லை. அவர் போயாகிவிட்டது. முதலமைச்சரை உங்கள் தொகுதிக்காரராக்கிக்கொள்ளப் போகிறீர்களா, இழக்கப் போகிறீர்களா என்பதுதான் மிஞ்சும் கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவது கேள்வியின் முடிவிலிருந்து எடுத்துக்கொள்வது நேர்மையாகாது.

முதலமைச்சரின் தொகுதி என்பதில் லாபமும் உண்டு. தேனி அரசு மருத்துவக் கல்லூரி இந்தத் தொகுதிக்குள், க.விலக்கில் எழுந்தது ஜெயலலிதாவின் அந்த ஆட்சிக்காலத்தில்தான். க.விலக்கு என்பது கண்டமனூர் விலக்கு. வருசநாட்டுப் பாதை நெடுஞ்சாலையில் வந்து சேரும் இடம். பாம்பு கடித்தவரையும் பிரசவ வலியெடுத்தவரையும் மதுரை பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும். அறத்தைப் பேசுகிறவர்கள் இந்த லாபத்தைச் சில்லறையாக நினைத்து ஒதுக்கக்கூடாது. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும்: மலைக்கிராமத்துக்கு மருத்துவமனை வர, அதன் உறுப்பினர் முதலமைச்சராக இருந்தால்தான் முடியும் என்றால், அப்படிப்பட்ட உறுப்பினர் கிடைக்காத மற்ற 233 தொகுதிகளின் கதி என்ன?

இழப்பு அவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. சட்டமன்றத்தில் கேள்வி கேட்பவர் உறுப்பினர். பதில் சொல்பவர் அமைச்சர். தொகுதியின் உறுப்பினர் முதலமைச்சரான நாளில், அந்தத் தொகுதியின் குரல் கேட்கும் பக்கத்திலிருந்து பதில் சொல்லும் பக்கத்துக்கு மாறிவிடுகிறது. சுமார் பத்து மாதத்துக்கு முன்பு வருசநாடு அனுப்பிய ஆள் அரசைப் பார்த்துக் கேட்க வேண்டியவர். அவர் இடத்துக்கு அரசே வந்து அமர்ந்துவிட்டால், அரசிடம் குறை உள்ளவர் சார்பில் எழுந்து நிற்க அவையில் யார் இருக்கிறார்கள்?

வருசநாட்டில் இது ஏட்டுக் கேள்வியாக இருக்க முடியாது. இங்குள்ள பெரிய வழக்குகளில் எதிர்த்தரப்பு பெரும்பாலும் அரசுதான். மலையில் தலைமுறையாக விவசாயம் செய்பவர்களுக்கும் வனத்துறைக்கும் இடையிலான பிணக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயிருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது, வெளியேற்றப்படுவோம் என்ற அச்சம் கூடியது. 2006 வன உரிமைச் சட்டம் பளியர் போன்ற பழங்குடியினருக்கு ஓர் அளவுகோலையும், பழங்குடி அல்லாத வனவாசிகளுக்கு இன்னொன்றையும் வைக்கிறது: பின்னவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பட்டா இல்லாத நிலத்தில் பாடுபட்ட தாத்தாவுக்கு என்ன ஆவணம் இருக்கும்? காட்டைக் காப்பதும் வேண்டும், வைகை பிறப்பதே அந்தக் காட்டில்தான். இரண்டுக்கும் நடுவில் அரசை நிறுத்திக் கேட்பதற்குத்தான் ஓர் உறுப்பினர் தேவை.

பதவி விலகல் பற்றிய சட்டம் வாக்காளரை எண்ணிப் பார்க்கவே இல்லை. பிரிட்டன் மக்களவை, தன் உறுப்பினர் தன்னிச்சையாக விலக முடியாது என்று 1624-லேயே தீர்மானித்தது. நம்பி ஒப்படைத்த கடமையை உதற முடியாது என்பது அதன் அடிப்படை. இன்று அங்கே பெயரளவிலான ஓர் அரசுப் பதவியை ஏற்றுக்கொண்டு விலகுகிறார்கள் என்றாலும், அந்தப் பழைய எண்ணத்தின் சுவடு அதில் இருக்கிறது. இந்தியாவில் 1974-ல் குஜராத் கிளர்ச்சியின்போது உறுப்பினர்கள் நெருக்கடிக்கு உள்ளாகி விலகிய பிறகு, 33-வது அரசமைப்புத் திருத்தம் வந்தது. விலகல் உறுப்பினரின் சொந்த விருப்பத்தால் வந்ததா, உண்மையானதா என்று சபாநாயகர் பார்க்க வேண்டும் என்றது அது. உறுப்பினரின் விருப்பத்தைச் சோதிக்கிறது. அவரை அனுப்பியவர்களின் விருப்பத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதே ஆண்டிப்பட்டி அதே மனிதரால் மறுபடியும் இதை அனுபவித்தது. 2011-லும் 2016-லும் வென்ற தங்க தமிழ்ச்செல்வன், 2017 செப்டம்பர் 18-ல் சபாநாயகர் ப.தனபால் தகுதிநீக்கம் செய்த 18 அதிமுக உறுப்பினர்களில் ஒருவர். வழக்கில் 2018 ஜூனில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். அக்டோபரில் மூன்றாம் நீதிபதி தகுதிநீக்கத்தை உறுதி செய்தார். 2019 மே மாதம் திமுகவின் மகாராஜன் வெல்லும்வரை, ஏறத்தாழ 20 மாதங்கள், தொகுதிக்கு உறுப்பினரே இல்லை. 2002-ல் உறுப்பினர் தானாக விலகினார், 2017-ல் விலக்கப்பட்டார். வருசநாட்டுக்காரருக்கு இரண்டிலும் சேதி செய்தித்தாள் வழியாகத்தான் வந்தது.

தலைவருக்காக இடம் விட்டுக்கொடுப்பது எப்போதும் தவறு என்று இந்த வாதம் போகவில்லை. 2002-ல் அதற்கு வலுவான காரணம் இருந்தது. தவறு, அந்த முடிவு எடுக்கப்பட்ட இடத்தில் இருக்கிறது: கட்சியின் அறையில், தொகுதிக்கு வெளியே. விலக நினைக்கும் உறுப்பினர் கடிதத்தைச் சபாநாயகரிடம் கொடுப்பதற்கு முன், கடமலைக்குண்டிலும் வருசநாட்டிலும் கிராமசபையைக் கூட்டச் செய்து, ஏன் போகிறேன், நீங்கள் ஒப்படைத்த மனுக்கள் இனி யார் கையில் என்று மக்கள் முன் சொல்ல வேண்டும். அங்கே எழும் பதிலும் கடிதத்தோடு போக வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, உறுப்பினருக்கு மனம் இருந்தால் போதும். கிராமசபையிலும் கட்சிக்காரர்கள் வந்து கையைத் தூக்க வைப்பார்கள் என்பது உண்மை. அப்படியே நடந்தாலும், மாட்டேன் என்று எழுந்து சொன்ன நான்கு பேரின் பேச்சு சபையின் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகியிருக்கும்.