முப்பது நாள் அறிவிப்பு யாருக்காக?

2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஓர் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், மென்பொருள் துறையில் வேலை பார்த்தவர். அவர் நேசித்த பெண்ணின் சகோதரர் கைதானார். பெண்ணின் பெற்றோர் இருவரும் காவல்துறையினர். அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில், சாதி மறுப்புத் திருமணம் ஒன்றை நடத்திவைத்த குற்றத்துக்காக அதே ஊரில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மாவட்ட அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். 2025 அக்டோபரில், ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றுவது குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அரிவாளைத் தடுக்க வழி தேடும் அரசு, தன் அலுவலகச் சுவரில் தானே ஒட்டிவைக்கும் காகிதத்தையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும், அல்லது ஒரு கிறிஸ்தவரும் ஒரு சமணரும் அவரவர் மதத்தில் இருந்தபடியே மணந்துகொள்ளலாம். எழுத்தில் இது மகத்தான சட்டம். நடைமுறைக்கு வந்தால், மணமக்கள் முதலில் திருமண அதிகாரியிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதை அவர் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார். 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மணமக்களில் ஒருவரின் நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அந்த மாவட்டத்து அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகும். ஊரை விட்டுத் தப்பி வந்த பெண்ணின் இருப்பிடத்தை அந்த ஊருக்கே தபாலில் அனுப்பிவைக்கும் ஏற்பாடு இது. இந்த அறிவிப்புப் பிரிவு நீக்கப்பட வேண்டும். அறத்தின் பக்கம் நின்று பார்ப்பவருக்கு இதில் இரண்டாவது கருத்து இருக்க முடியாது.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று உண்டு. திருமணம் மறைவில் நடந்தால் ஏமாற்றுக்காரனுக்கு வசதி. முதல் மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தவன் இன்னொருத்தியைக் கெடுப்பான் என்பார்கள். பழைய கவலைதான். 1215-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் லாத்தரன் சங்கம் திருமணத்தை முன்கூட்டி அறிவிக்கச் சொன்னது இந்தக் கவலையால். நம் ஊர் தேவாலயங்களில் ஞாயிறுதோறும் ஓலை வாசிப்பதும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. தொல்காப்பியரும் பொய்யும் பிழையும் புகுந்தபின்தான் பெரியோர் கரணம் எனும் மணச்சடங்கை வகுத்தார்கள் என்கிறார். கவலை நியாயமானது. அதற்குக் கண்ட மருந்துதான் விஷம்.

அதே தொல்காப்பியர் அதற்குச் சற்று முன்பு என்ன சொல்கிறார் என்பதை இந்த வாதக்காரர்கள் படிப்பதில்லை. தலைவனோடு தலைவி உடன்போய்விட்டால், பெண்ணைக் கொடுப்பதற்கு உரியவர் இல்லாமலேயே கரணம் நடக்கலாம் என்று கற்பியலில் விதி வகுத்திருக்கிறார். பெற்றோர் வராத திருமணமும் முறையான திருமணமே என்று இலக்கணமே ஒப்புக்கொண்ட சமூகம் நம்முடையது. செம்புலத்தில் பெய்த மழையைப் பாடிய குறுந்தொகைக் கவிஞர் இருவரின் தாயும் தந்தையும் ஒருவருக்கொருவர் யார் என்று கேட்டதை மேடைதோறும் சிலாகிக்கிறோம். வீட்டில் அதே கேள்வி எழுந்தால் சாதிச் சான்றிதழைத் தேடுகிறோம்.

கலித்தொகையின் பாலைப் பாட்டு ஒன்றில், உடன்போன மகளைத் தேடி வழியெங்கும் அலையும் செவிலி முக்கோல் ஏந்திய துறவியரிடம் விசாரிக்கிறாள். அவர்கள் கண்டதாக ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. சந்தனத்தையும் முத்தையும் யாழிசையையும் காட்டி, அவை பிறந்த இடத்துக்கு உதவுவதில்லை, கொள்பவர்க்கே உதவும் என்று ஆறுதல் கூறி, அவள் சென்ற வழியே அறத்தின் வழி என்று சொல்லி அனுப்புகிறார்கள். இதைச் சொன்னவர்கள் மதத்தைத் துறந்த நாத்திகர்கள் அல்ல, மதத்துக்காக உலகைத் துறந்தவர்கள். நம்பிக்கையின் பெயரால் இன்று கொடி பிடிப்போர் அந்தத் துறவியர் முன்னால் நின்று பதில் சொல்லட்டும்.

இன்னும் சாட்சி வேண்டுமா? கச்சியப்பரின் கந்தபுராணத்தில் வள்ளியைக் களவில் கொண்டுபோனவன் முருகன். படையோடு துரத்தியது அவளை வளர்த்த வேடர் குலம். அந்தக் கல்யாணத்தை ஆண்டுதோறும் கோயிலில் நடத்தி, பிரசாதமும் வாங்கிக்கொள்கிறோம். ஸ்மிருதிகள் வகுத்த எண்வகை மணத்தில் காந்தர்வமும் ஒன்று. சகுந்தலையின் மணம் அந்த வகைதான். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், திருமணத்தை ஆக்குவது இருவரின் சம்மதமே, அதற்கு ஈடாக வேறெந்த மனித அதிகாரமும் நிற்க முடியாது என்கிறது. நிக்காஹ் சாட்சிகள் முன்னிலையில் செய்யப்படும் ஒப்பந்தம். இந்த மரபுகளுக்குள்ளும் கட்டுப்பாடுகள் உண்டுதான். ஆனால் சம்மதத்தை நடுவில் வைக்காத மதம் எது?

நம்பிக்கையைக் காப்பதாகச் சொல்லும் ஏற்பாடு உண்மையில் நம்பிக்கையைப் பொய்யாக்குகிறது என்பதுதான் வேதனை. இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. கேசவ சந்திர சென்னின் பிரம்ம சமாஜத்தார் கேட்டு வந்த 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மணந்துகொள்ள, தான் இந்துவல்ல, கிறிஸ்தவனல்ல, முஸ்லிமல்ல என்று கையெழுத்துப் போட வேண்டும். காதலுக்காகக் கடவுளைக் கைவிட்டதாக எழுதிக்கொடுத்தார்கள். 1923-இல் திருத்தம் வந்து, இந்துக்களும் பௌத்தர்களும் சீக்கியர்களும் சமணர்களும் தங்களுக்குள் மணந்துகொள்ள வழி பிறந்தது. 1954 அதை எல்லோருக்கும் விரித்தது. ஆனால் 30 நாள் காத்திருந்தால் அண்ணன்கள் வந்துவிடுவார்கள் என்று அஞ்சும் ஜோடி இன்று என்ன செய்கிறது? ஒருவர் அவசரமாக மதம் மாறி, அன்றைக்கே தாலி கட்டிவிடுகிறார்கள். நம்பாத ஒன்றை நம்புவதாகச் சொல்ல வைத்தது யார்? 2020-இல் உத்தரப்பிரதேசம் மதமாற்றத்துக்கும் 60 நாள் முன்னறிவிப்புக் கேட்டு அந்த வாசலையும் அடைத்தது. உத்தராகண்டின் பொது சிவில் சட்டம், சேர்ந்து வாழும் இணையில் ஒருவர் 21 வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் பெற்றோருக்குத் தகவல் போக வேண்டும் என்கிறது. வாக்களிக்கத் தகுதியான 19 வயதுக் கல்லூரி மாணவி, அரசைத் தேர்ந்தெடுக்கலாம். துணையைத் தேர்ந்தெடுத்தால் அரசே வீட்டுக்குச் சொல்லிவிடும்!

ஆட்சேபம் என்ற பெயரில் சட்டம் எதைத்தான் ஏற்கிறது? உயிரோடுள்ள கணவன் அல்லது மனைவி, வயதுக் குறைவு, மனநிலை, விலக்கப்பட்ட உறவு. சாதியும் மதமும் அந்தப் பட்டியலில் இல்லை. வயதைப் பிறப்புச் சான்றிதழில் பார்க்கலாம். மற்றவற்றுக்கு உறுதிமொழியும் மூன்று சாட்சிகளும் சட்டத்திலேயே இருக்கின்றன. பொய் சொன்னவருக்குத் தண்டனையும் இருக்கிறது. தீய எண்ணத்தோடு ஆட்சேபித்து ஒரு திருமணத்தையே குலைக்கப் பார்த்தவர் கட்ட நேரும் செலவுத்தொகையோ அதிகபட்சம் 1,000 ரூபாய்.

2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், மணமக்கள் விரும்பினால் மட்டுமே அறிவிப்பை வெளியிடலாம் என்றது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊரறியச் சடங்கு தேவையில்லை, வழக்கறிஞர் ஒருவர் நண்பராக முன்னின்று நடத்திவைக்கலாம் என்றது. ஆக, தமிழ்நாட்டில் இரு இந்துக்கள் இன்று மாலை மாற்றினால் இன்றே தம்பதி. அடுத்த தெருவில் ஓர் இந்துவும் முஸ்லிமும் 30 நாள் பயந்து காத்திருக்க வேண்டும். நீதியின் தராசில் இது எப்படி நிற்கும்?

பிள்ளையைப் பெற்று வளர்த்தவர்களுக்கு வருத்தப்பட உரிமை உண்டு. கல்யாணத்துக்கு வராமல் இருக்கலாம், பேசாமலும் இருக்கலாம். அந்த வருத்தத்துக்கு அரசு முத்திரை குத்திக்கொடுக்கக் கடமைப்பட்டதல்ல. திருமணம் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். 1967-இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்திப் புரோகிதர் இல்லாத மணத்தைச் செல்லச் செய்தது அந்த அதிகாரத்தால்தான். அதே வழியில், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, சிறப்புத் திருமணச் சட்டத்தின் அறிவிப்பு வெளியீட்டையும் ஆட்சேபப் பிரிவையும் தமிழ்நாட்டு அளவில் நீக்கும்படி பாஷா ஆணையம் பரிந்துரைக்க வேண்டும். குறைந்தபட்சம், சொந்த ஊருக்கு நகல் அனுப்பும் அந்த ஒரு விதியையாவது.