முதலில் யாரைச் சந்தேகிப்பது?

அப்பாவுக்கு மறதி தொடங்கிவிட்டது என்ற முடிவுக்கு நான் வந்தது அவருடைய கம்ப்யூட்டரை வைத்துத்தான்.

கடலூரில், திருப்பாப்புலியூர் வீட்டில் இருக்கிறது அந்த சிஸ்டம். 2015 நவம்பர், டிசம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பழையது போய்விட, 2016-இல் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிக் கொடுத்தது. அப்பா ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 73. காலையில் காபி முடிந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். தெருவில் இருக்கும் மற்ற ஓய்வூதியக்காரர்களுக்கு மனு, விண்ணப்பம் எல்லாம் அடித்துக் கொடுப்பது அவர்தான். எனக்கு வேலை சிதம்பரத்தில். 45 கிலோமீட்டர்தான், ஆனாலும் சனிக்கிழமை மட்டும்தான் போக முடிகிறது. மற்ற நாட்களில் போன்.

போன வருஷம் அந்த போன்களில் ஒரு புது விஷயம் சேர்ந்துகொண்டது.

"நேத்து அடிச்சு வெச்ச மனுவக் காணோம்பா."

"எங்க சேவ் பண்ணீங்க?"

"எப்பவும் பண்ற எடத்துலதான்."

"நல்லா பாருங்கப்பா. வேற எங்கயாச்சும் பண்ணியிருப்பீங்க."

இன்னொரு நாள், பென்ஷன் வெப்சைட் திறக்க மாட்டேன் என்கிறது, பாதுகாப்பு இல்லை என்று வருகிறது என்றார். அதற்கும் அடுத்த வாரம், "காலையில ஆன் பண்ணதும் இங்கிலீஷ்ல ஏதோ கேக்குது, எஃப் ஒன் அழுத்துனா போயிடுது" என்றார். "சரிப்பா, அழுத்திடுங்க" என்றேன். என் காதில் விழுந்தது. ஆனால் நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியம் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். வெப்சைட் திறக்கும். காணாமல் போன மனுவின் பெயரைப் போட்டுத் தேடினால் அதே ஃபோல்டரில் கிடைக்கும். "இங்கதானப்பா இருக்கு" என்று காட்டுவேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். இப்படி மூன்று முறை ஆனது. மூன்றாவது முறைக்குப் பிறகு, சர்க்கரைக்குப் பார்ப்பதாகச் சொல்லி அவரைச் சிதம்பரத்துக்கு வரவழைத்து ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பொய்தான் சொன்னேன்.

1975-இல் ஃபோல்ஸ்டீன் என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும் உருவாக்கிய ஒரு சிறு பரிசோதனை உண்டு. இன்றும் உலகம் முழுக்க அதையோ அதைப் போன்ற ஒன்றையோதான் கேட்கிறார்கள். இன்று என்ன தேதி, என்ன கிழமை, இது எந்த ஊர். மூன்று சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மூன்று சொற்களில் ஒன்றை மட்டும் விட்டார். இந்த வயதுக்கு இது சாதாரணம், ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார் மருத்துவர்.

கடலூர் பஸ்ஸில் அவரைக் கொண்டுபோய் விடும்போது, வெள்ளாற்றுப் பாலம் தாண்டுகிற வரை அவர் பேசவில்லை. பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டார்: "தேதி கேட்டாரே, நான் சொன்னது சரிதான?"

அடுத்த மாதம் மழையில் மாட்டிக்கொண்டு ஒரு இரவு கடலூரிலேயே தங்க வேண்டியதாயிற்று. விடிந்ததும் அப்பா சுவர் ஸ்விட்சைப் போட்டு சிஸ்டத்தை ஆன் செய்வதை அன்றுதான் பார்த்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: சிமாஸ் செக்சம் எரர். எஃப் ஒன் அழுத்தினார். விண்டோஸ் வந்தது. வலது கீழ் மூலையில் தேதி 2016 ஜனவரி 1 என்று இருந்தது. அப்பா எழுந்து போய் தினசரி காலண்டரில் தாளைக் கிழித்தார். தேதியைப் பார்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்து மவுஸால் திருத்தினார்.

"தெனமும் இப்படித்தாம்பா. சொன்னேனே."

மதர்போர்டில் ஐந்து ரூபாய் வில்லை அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். சி.ஆர். 2032 என்று பெயர். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரம் வினாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகத்தை எண்ணி ஓடுகிறது. சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை, சிஸ்டம் அணைந்திருந்தாலும், எஸ்எம்பிஎஸ் வழியாக வரும் மின்சாரம் அதற்குப் போதும். ஸ்விட்சை அணைத்தால் இந்த வில்லைதான் தாங்க வேண்டும். இடி மின்னலுக்குப் பயந்து ராத்திரியில் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தது நான்தான். ஒரு நாள் தவறாமல் செய்திருக்கிறார். பேட்டரி தீர்ந்த பிறகு ஒவ்வொரு காலையிலும் அந்த சிஸ்டம் நடுவில் போன வருஷங்களை மறந்துவிட்டு, பிறந்த வருஷத்தில் கண் விழித்தது.

மீதியெல்லாம் தானாகப் புரிந்தது. வெப்சைட்டுகளின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு 'இன்றிலிருந்து இன்றுவரை' என்று ஒரு காலம் உண்டு. 2016-இல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதி வரிசையில் அடுக்கிய ஃபோல்டரில், அவசரத்தில் தேதியைத் திருத்தாமல் அடித்த மனு மட்டும் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சனிக்கிழமை மதியம் நான் போய்ச் சேருவதற்குள் அவர் தேதியைத் திருத்தி முடித்திருப்பார். எனக்கு எந்தப் பழுதும் தெரியாது. மனுவைத் தேடி எடுத்தபோது பக்கத்தில் போட்டிருந்த தேதியை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. மறந்தது கம்ப்யூட்டர். பரிசோதனைக்குப் போனது அப்பா.

புது பேட்டரி 40 ரூபாய். மாற்றப் பத்து நிமிஷம்.

நண்பர்களுக்கு சிஸ்டம் பார்த்துக் கொடுக்கும்போது நான் ஒழுங்கான ஆள். வெளியிலிருந்து உள்ளே போவேன். முதலில் ஒயர், பிறகு பிளக், பிறகுதான் பெட்டியைத் திறப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். ரேம் மேல் சந்தேகம் வந்தால் அதைக் கழற்றி, தங்கப் பூச்சுள்ள முனையை ரப்பரால் தேய்த்து, வேறு ஸ்லாட்டில் போட்டு, வேறு சிஸ்டத்திலும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் 'போச்சு' என்று சொல்வேன். ஒரு ரேமுக்குக் கொடுத்த நியாயத்தை அப்பாவுக்குக் கொடுக்கவில்லை. ஏன்?

மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவவாதி 2007-இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. ஒருவர் சொல்வதன் உண்மையை எடைபோடும் முன்பே, சொல்பவர் யார் என்பதை வைத்து அவருடைய சொல்லின் மதிப்பைக் குறைத்துவிடுகிறோம். பெண், ஏழை, கறுப்பர், முதியவர் என்றால் தள்ளுபடி. அடிபடுவது அறிவதற்கும் அறிந்ததைச் சொல்வதற்கும் அவருக்கு இருக்கும் தகுதி என்பதால், அதை ஒரு தனிவகை அநீதி என்கிறார். அப்பா சொன்ன மூன்று விஷயங்களும் துல்லியமான சாட்சிகள். 25 வயது ஆள் ஒருவன் போனில் "காலையில் எஃப் ஒன் கேட்கிறது" என்று சொல்லியிருந்தால், "பேட்டரி மாத்துடா" என்று அடுத்த நொடியே சொல்லியிருப்பேன். அதே வாக்கியம் 73 வயது வாயிலிருந்து வந்ததும் எனக்கு அது நோயின் அறிகுறியாகிவிட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. எந்திரத்துக்கு நாம் கொடுக்கும் தாராளமான நம்பிக்கை. அது பொய் சொல்லாது, அதற்கு வயது ஆகாது என்று ஒரு நினைப்பு. பிரிட்டனில் இந்த நினைப்பு ஒரு நாட்டின் சட்டமாகவே நின்று ஆட்களைச் சிறைக்கு அனுப்பியது. அங்கே தபால் நிலையங்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் 1999 முதல் வந்தது. கிளைத் தபால் நிலையங்களை நடத்தியவர்களின் கணக்கில் இல்லாத பற்றாக்குறையை அது காட்டியது. 'நான் எடுக்கவில்லை, சிஸ்டத்தில் ஏதோ கோளாறு' என்று அவர்கள் சொன்னார்கள். கம்ப்யூட்டர் சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று எடுத்துக்கொள்வதே அங்கே சட்ட வழக்கம். தவறு என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்தான் அதைக் கிளப்ப வேண்டும். 2015 வரையில் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள், சிலர் சொத்தை இழந்தார்கள், சிலர் உயிரை விட்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2019 டிசம்பரில். தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்வரும் பாதையின் இரண்டு முனையிலும் இப்படிப்பட்ட சோதனையின் கதை ஒவ்வொன்று இருக்கிறது. பெரியபுராணம் சொல்கிறபடி, பல்லவ மன்னன் அப்பரை நீற்றறையில் அடைத்தான், நஞ்சு கொடுத்தான், யானையை ஏவினான், கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் போட்டான். அந்தக் கல் மிதந்து வந்து சேர்ந்த இடம் திருப்பாதிரிப்புலியூர். வண்டிப்பாளையம் பக்கம் இன்றும் ஒரு ஊருக்குக் கரையேறவிட்டகுப்பம் என்று பேர். மறுமுனையில் தில்லை. அங்கே நந்தனார் உள்ளே போவதற்கு முன் தீயில் மூழ்கி எழ வேண்டியிருந்தது. சின்ன வயதில் இரண்டையும் பக்திக் கதையாகக் கேட்டேன். இப்போது வேறொன்று உறுத்துகிறது. அரசனின் தீர்ப்பை யாரும் சோதிக்கவில்லை. கோயில் வாசலை யாரும் தீயில் இறக்கவில்லை. சோதனை எப்போதும் மனிதன் மேல்தான். அற்புதம் நடந்தவர்களின் கதை நமக்குக் கிடைத்திருக்கிறது. அற்புதம் நடக்காதவர்கள் அந்த 900 பேர்.

இதை வைத்து 'பெரியவர்களைச் சந்தேகிக்கவே கூடாது' என்று சொல்ல வரவில்லை. மறதி நோய் உண்மை. சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லது. போனில் பேசி ஓடிபி வாங்கிப் பணத்தைச் சுருட்டுகிறவன் வாசலில் நிற்கும்போது தயங்கிக்கொண்டிருக்க முடியாது. அப்பா நிஜமாகவே கேஸை அணைக்க மறந்த நாளும் உண்டு. சந்தேகம் வரலாம். எந்த வரிசையில் சோதிக்கிறோம் என்பதுதான் கேள்வி. மெக்கானிக்குகள் மலிவானதிலிருந்து தொடங்குவார்கள். அதில் ஒரு அறமும் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. என் சந்தேகம் தப்பாகப் போனால் எங்கே வலி குறைவோ, அங்கிருந்து தொடங்க வேண்டும். பேட்டரியைத் தப்பாகச் சந்தேகித்தால் நஷ்டம் 40 ரூபாய். அப்பாவைத் தப்பாகச் சந்தேகித்தால் என்ன நஷ்டம் என்று வெள்ளாற்றுப் பாலத்தில் தெரிந்தது. ஒருவேளை அவருக்கு மறதி இருப்பதாகவே முடிவு வந்திருந்தாலும், நான் போன வரிசை சரியாகியிருக்காது. சர்க்கரை என்று பொய் சொல்லியது அப்போதும் பொய்தான்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றன. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை இன்டெல் சிப் வேண்டும். இது ஆறாம் தலைமுறை. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் 'காலாவதி' என்று வெளியிலிருந்து யாரோ அறிவிக்கிறார்கள். புதிதாக வாங்கிவிடலாம் என்று வாய் வரை வந்தது. இந்த முறை முதலில் அவரைக் கேட்டேன்.

அவருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. தமிழ் டைப்ரைட்டர் விசை மாறக் கூடாது. 1999-இல் அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 நல்லது என்று நான் பத்து தடவை சொல்லியிருப்பேன். அவர் இன்ஸ்டிட்யூட்டில் கற்ற விரல்கள் பழைய வரிசையில்தான் ஓடும். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். 4 ஜிபி ரேமை 8 ஆக்கினேன். லினக்ஸ் மின்ட் ஏற்றி, அதில் டைப்ரைட்டர் விசையைத் தேடி எடுத்து வைத்தேன். இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டிருந்த சிஸ்டம் இருபது வினாடிக்குள் திறக்கிறது. அப்பா ஓய்வூதியக்காரர் ஒருவருக்கு நேர்காணல் விஷயமாக ஒரு கடிதம் அடித்துப் பார்த்தார். உயிரோடு இருப்பதை வருஷா வருஷம் நிரூபித்தாக வேண்டியவர்கள் அவர்கள்.

மருத்துவரிடம் எதற்காக அழைத்துப் போனேன் என்பதை அன்றுதான் சொன்னேன். "தெரியும்பா" என்றார். "சர்க்கரைக்கு யாராவது தேதி கேப்பாங்களா?"

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு நாள் நிஜமாகவே அவர் எதையாவது மறந்துவிட்டு, கம்ப்யூட்டர் மேல் பழி சொல்லலாம். அன்றைக்கும் முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் பொறுமை எனக்கு இருக்குமா என்று தெரியவில்லை. இப்போதைக்கு, அவர் போனில் ஏதாவது சொன்னால், "ஸ்க்ரீன்ல என்ன எழுதியிருக்கு, அப்படியே படிங்கப்பா" என்கிறேன். எழுத்து எழுத்தாகப் படிக்கிறார். நான் எழுதிக்கொள்கிறேன்.