பெத்லகேமின் தாழ்ந்த வாயில்

இயேசுபிரான் எந்த நாளில் பிறந்தார் என்பதை நற்செய்தி நூல்கள் குறிப்பிடவில்லை. டிசம்பர் 25-ஐ அவரது பிறந்த நாளாகப் போற்றும் வழக்கம் நான்காம் நூற்றாண்டு ரோமாபுரியில் நிலைபெற்றிருந்தது. நாளைச் சொல்லாத அந்நூல்கள், பிறந்த குழந்தையைக் காணச் சென்றவர்கள் யார் என்பதை மட்டும் விரிவாகக் கூறுகின்றன. கிறிஸ்துமஸின் உட்பொருளைத் தேடும் பக்தன் அங்கிருந்தே தொடங்கலாம்.

குடிமதிப்புக்காக மக்கள் தத்தம் ஊர்களுக்குப் பயணப்பட்ட காலம் அது. விடுதியில் இடமில்லாததால், அன்னை மரியாள் தன் மகவைத் தீவனத் தொட்டியில் கிடத்தினாள் என்கிறது லூக்கா நற்செய்தி. அச்செய்தி முதலில் எட்டியது, இரவெல்லாம் கண்விழித்து மந்தையைக் காத்த எளிய இடையர்களுக்கு. கேட்டவுடன் அவர்கள் விரைந்து சென்றார்கள்.

மத்தேயு நற்செய்தி கூறும் வரலாறு இன்னும் ஆழமானது. விண்மீனைக் கண்டு கீழ்த்திசையிலிருந்து வந்த ஞானிகள் எருசலேமில் வழி கேட்கிறார்கள். கலங்கிய ஏரோது மன்னன் தலைமைக் குருக்களையும் மறைநூல் அறிஞர்களையும் அழைத்து, மெசியா பிறக்கும் இடம் எது என்று வினவுகிறான். அவர்கள் தீர்க்கதரிசியின் வாக்கைச் சான்று காட்டி, "யூதேயாவிலுள்ள பெத்லகேம்" என்று விடையளிக்கிறார்கள். விடை சரியானதே. எருசலேமிலிருந்து பெத்லகேம் பத்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். இரண்டு மணி நேரம் நடந்தால் போதும். ஆயினும் அந்த அறிஞர்களுள் ஒருவரேனும் அங்கே சென்றதாக நற்செய்தி கூறவில்லை. நெடுந்தொலைவு கடந்து வந்த அந்நியர்களே அவர்களது விடையைக் கைக்கொண்டு சென்று, குழந்தையின் முன் மண்டியிட்டு வணங்கினார்கள்.

சாஸ்திரம் வழியைக் காட்டும். நடக்க வேண்டியவன் சாதகனே. 'அறிந்துகொண்டேன்' என்ற மனநிறைவு சில வேளைகளில் அறியாமையைவிடப் பெரிய தடையாகிவிடுகிறது. அறியாதவன் யாரிடமாவது வழி கேட்பான். அறிந்தவனோ பிறருக்கு வழி சொல்லிவிட்டு இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறான். மேற்கோள்களை மனப்பாடம் செய்து, மனத்தைச் சற்றும் அசைக்காத ஒவ்வொருவருக்கும் எருசலேம் அறிஞர்களின் கதை எச்சரிக்கையாகும்.

இன்று பெத்லகேமில் உள்ள பிறப்பு ஆலயத்தின் வாயில் ஏறத்தாழ நான்கடி உயரமே உடையது. முற்காலத்தில் உயர்ந்திருந்த அவ்வாயில், குதிரையேறி வருவோர் உள்ளே நுழையாதபடி பின்னர் சுருக்கப்பட்டது என்பர். 'பணிவின் வாயில்' என்று அது அழைக்கப்படுகிறது. அரசனும் அறிஞனும் குனிந்தே நுழைய வேண்டும். சிறு குழந்தை மட்டும் நிமிர்ந்தபடியே உள்ளே சென்றுவிடும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய திருவருகைக் காலம் இந்தக் குனிதலைப் பயிலவே அமைந்தது. பிரார்த்தனை, மனம் வருந்துதல், ஏழைகளுக்கு உதவுதல் ஆகியவற்றால் இதயமாகிய விடுதியில் இடம் ஒழிக்கப்படுகிறது. இறைமகனின் பிறப்பு ஒவ்வோர் ஆன்மாவிலும் நிகழ வேண்டும் என்று ஜெர்மானிய ஞானி எக்ஹார்ட் 700 ஆண்டுகளுக்கு முன்பே போதித்தார்.

ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்த 1886-ஆம் ஆண்டின் டிசம்பரில், வங்காளத்தின் ஆன்ட்பூர் கிராமத்தில் அவருடைய இளம் சீடர்கள் துனி நெருப்பின் முன் அமர்ந்திருந்தார்கள். நரேந்திரர் இயேசுவின் தியாக வாழ்வை எடுத்துரைத்தார். கேட்டவர்கள் உலகைத் துறப்பதாக அங்கேயே உறுதி பூண்டார்கள். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது பின்னரே அவர்களுக்குத் தெரியவந்தது. நாள் எதுவென்று அறியாமலே அவர்கள் பெத்லகேமுக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

இந்த ஆண்டும் கிறிஸ்துமஸ் வரும். நட்சத்திர விளக்குகள் ஒளிரும். பகையாகிப்போன உடன்பிறந்தானின் வீடு, தனித்து வாடும் முதியவரின் அறை, பசித்திருப்பவனின் குடிசை ஆகியவையும் அருகிலேயே இருக்கும். அங்கே செல்லும் வழி எல்லோருக்கும் தெரியும். தலை குனிந்து அங்கே நுழைபவன், தீவனத் தொட்டியில் கிடக்கும் தெய்வக் குழந்தையைக் காண்பான்.