காவலுக்குள் ஒரு காடு

திருவள்ளூரை அடுத்த மணவாள நகரில், இரவு வேளையில் ராக்கெட் ஏவப்படும் நாள்களில், மக்கள் மொட்டைமாடியில் ஏறி வடகிழக்கு வானை நோக்கி நிற்பதுண்டு. செம்பொன் நிற ஒளியொன்று எழும், சற்றே வளையும், வங்கக் கடலின் பக்கமாய் மறையும். குழந்தைகள் கைகொட்டி ஆரவாரிப்பர். அந்த ஒளி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது என்பதை அறியாதார் இலர். ஆனால் அது ஒரு தீவு என்பதையும், அத்தீவின் பெரும்பகுதி இன்றும் காடாகவே இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மணல் தீவு அது. ஏரியின் தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தீவோ ஆந்திர மாநிலத்திற்கு உரியது. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஏரியை ஊடறுத்துச் செல்லும் சாலையில் குளிர்காலத்தில் பயணம் செய்தால், இருபுறமும் ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் நிற்பதைக் காணலாம். அவற்றைக் கடந்து தீவுக்குள் சென்றால் பாலையும் நாவலும் காயாவும் நெருங்கி வளர்ந்த காடு. தழைத்த மலைக்காடு அன்று. உப்புக் காற்றிலும் மணலிலும் வேரூன்றி, கோடையிலும் பச்சை மாறாது நிற்கும் குறுமரக் காடு. சோழமண்டலக் கரை நெடுகிலும் ஒரு காலத்தில் பரந்திருந்த இவ்வகைக் காடு, இன்று கோயிற் காடுகளிலும் ஒருசில ஒதுக்கிடங்களிலும் துண்டு துண்டாகவே எஞ்சியுள்ளது. எஞ்சியவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கிறது.

அது எவ்வாறு தப்பிப் பிழைத்தது? 1969ஆம் ஆண்டு விண்வெளி ஆய்வாளர்கள் இத்தீவைத் தேர்ந்தெடுத்தனர். கிழக்கே திறந்த கடல். பூமியின் சுழற்சி தரும் உந்துவிசை. விழுந்து சிதறும் பாகங்கள் மனிதர் தலைமேல் விழாத வெட்டவெளி. இவையே காரணங்கள். 1971 அக்டோபரில் முதலாவது சிறு ராக்கெட் இங்கிருந்து பறந்தது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணித் துணைக்கோளை எஸ்.எல்.வி.-3 சுமந்து சென்றபோது அத்திட்டத்தை நடத்தியவர், இராமேசுவரம் என்னும் மற்றொரு தீவிலே பிறந்த அப்துல் கலாம். ஏறத்தாழ 43,000 ஏக்கர் நிலம் விண்வெளி மையத்தின் வசமாயிற்று. ஏவுதளங்களும் கட்டடங்களும் கொண்டது போக, மிகுந்த நிலமெல்லாம் பாதுகாப்பிற்காக விடப்பட்ட இடைவெளி. அந்த இடைவெளியிலேதான் காடு வாழ்கிறது. மரத்தின் மீதுள்ள அன்பினால் எவரும் அங்கே காவல் வைக்கவில்லை.

இங்கேதான் நம் உள்ளத்தை உறுத்தும் வினா எழுகின்றது. நோக்கமின்றி விளைந்த நன்மையை நன்மையென்று கொள்ளலாமா? நிய்யத்தைக் கொண்டே செயலை எடைபோடும் பழக்கம் உள்ளவர்கள் நாம். எனினும், தெற்கே எண்ணூரைப் பார்த்துவிட்டு இக்கேள்விக்கு விடை தேடுவதே நேர்மை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகத்தையும், துறைமுகங்கள் எழுந்த காட்டுப்பள்ளிக் கரையையும் கண்டவர்கள், காவல் இல்லாதிருந்தால் ஸ்ரீஹரிகோட்டாவும் என்ன ஆகியிருக்கும் என்று எளிதில் ஊகிப்பர். மரத்திற்கு நம் எண்ணம் தெரியாது. வெட்டப்படாதிருப்பதே அதற்குப் போதும். இந்த அளவில் அக்காவலை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

ஆனால் மனிதனுக்கு எண்ணம் உண்டு, நினைவும் உண்டு. அத்தீவு வெறுங்காடாக இருந்ததில்லை. யானாதிகள் என்னும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தனர். கிழங்கும் தேனும் மூலிகையும் எடுத்து, ஏரியில் மீனும் நண்டும் பிடித்துப் பிழைத்தவர்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில ஆட்சி அத்தீவைத் தன் கைக்குள் கொண்டு, சென்னைப் பட்டணத்து அடுப்புகளுக்கு விறகு வெட்டும் வேலைக்கு அவர்களைப் பயன்படுத்தியது. விறகு பக்கிங்காம் கால்வாய் வழியே தோணிகளில் பட்டணம் வந்தது. பின்னர் ராக்கெட் தளம் வந்தபோது ஊர்கள் காலி செய்யப்பட்டன. யானாதிகளிற் பலர் ஏரிக்கு அப்பால் குடியேற நேர்ந்தது.

"அவர்கள் இருந்திருந்தால் காட்டை அழித்திருப்பார்களே" என்பார் உண்டு. அவர்கள் அங்கே வாழ்ந்த காலமெல்லாம் காடு இருந்ததே! வெட்டியது அவர்கள் கையாயினும், எரிந்தது யாருடைய அடுப்பில்? பழி கோடரியின் மேல் மட்டும் விழுவது முறையாகுமா?

நம் பக்கத்து இருளர்களின் வரலாறு இதற்கொரு பாடம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத்தோல் வாணிகம் ஒடுங்கியபோது, அவர்களின் பிழைப்பும் ஒடுங்கியது. 1978இல் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விடும் தொழில் அது. கொல்லப் பயன்பட்ட அதே அறிவு, கடிபட்டோரின் உயிரைக் காக்கும் மருந்துக்கு மூலமாயிற்று. 2023ஆம் ஆண்டு வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சட்டம் ஒருவரைக் குற்றவாளியாகவும் காண முடியும். காவலராகவும் காண முடியும். காணும் கண்ணைப் பொறுத்தது அது.

தீவின் காவலை நீக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நீக்கினால் யானாதிகளுக்கு முன்னே அங்கே நுழைபவர் யாரென்பது நமக்குத் தெரியும். ஆயினும் அத்தீவின் செடி கொடிகளை ஆராய்வோர் உள்ளே செல்லும்போது, ஒவ்வொரு செடியின் பயனையும் பாட்டன் வாயால் கேட்டு அறிந்த யானாதி முதியவரும் உடன் நடக்கலாம் அல்லவா? கூலிக்குச் சுமை தூக்குபவராக அன்று, வழிகாட்டும் ஆசிரியராக.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இத்தீவின் உயிரினங்களை ஆராய்ந்தபோது, புள்ளிமான், நரி முதலியவற்றோடு ஒருவகை மாடுகளையும் குறித்துள்ளனர். ஊர்கள் காலியானபோது விட்டுச் செல்லப்பட்ட வீட்டு மாடுகளின் வழிவந்தவை அவை. கயிறும் தொழுவமும் அறியாமல் காட்டு விலங்காகவே திரிகின்றன. தீவின் உயிரினப் பட்டியலில் அவற்றுக்கு இன்று இடம் உண்டு. அவற்றின் பாட்டிமார்களுக்குத் தவிடும் கழுநீரும் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், அத்தீவுக்குள் நுழைய வாயிலில் அனுமதிச்சீட்டுக் காட்ட வேண்டும்.