அரை கிராமுக்கு உரியவர்

தொலைந்த பொருளைக் கண்டெடுத்தவனுக்கு அதன் மீது என்ன உரிமை? பழைய கேள்விதான். மதங்களும் சட்டங்களும் இதற்கு ஏராளமான பதில்களை வைத்திருக்கின்றன. ஆனால் அந்தப் பதில்களில் பெரும்பாலானவை தற்செயலாகக் கண்டெடுத்தவனை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. தெருவில் நடந்து போகிறான், ஏதோ மின்னுகிறது, குனிந்து எடுக்கிறான். அவனை விட்டுவிடுவோம். அடுத்தவர் தொலைத்ததை எடுப்பதற்காகவே காலையில் அலாரம் வைத்து எழுந்து போகிறவனுக்கு என்ன பதில்?

மெல்பர்னில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அந்த ரகம். திருநெல்வேலிக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். சனிக்கிழமை விடியலில் மெட்டல் டிடெக்டரோடு போர்ட் பிலிப் விரிகுடாவின் கடற்கரைக்குப் போய்விடுவார். முந்தைய நாள் குளிக்க வந்தவர்கள் மணலில் விட்டுப்போன காசு, மோதிரம், தோடு. சில வாரம் நானும் கூடப் போவதுண்டு, பெரும்பாலும் காபி பிளாஸ்க்கைச் சுமக்க.

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அறம் சார்ந்த சிக்கலின் பாதி அதற்குள்தான் இருக்கிறது. தரையை ஒட்டி வீசும் வட்டுக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள். ஒன்றில் மாறுமின்னோட்டம் ஓடுகிறது, நொடிக்குச் சில ஆயிரம் தடவை, சில கருவிகளில் சில பத்தாயிரம் தடவை. அதன் காந்தப்புலம் மணலில் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்தச் சுழல் மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு குட்டிக் காந்தப்புலத்தை உண்டாக்க, இரண்டாவது சுருள் அதைக் கேட்கிறது. பதில் எவ்வளவு பலமாக வந்தது, எவ்வளவு பிந்தி வந்தது: கருவிக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பிந்தியதை ஓர் எண்ணாக மாற்றித் திரையில் காட்டும். "இது தங்கம்" என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

தங்கம் நல்ல மின்கடத்திதான். ஆனால் பொருள் சின்னதாகவும் மெல்லிசாகவும் இருந்தால் அதில் எழும் மின்னோட்டம் சட்டென்று அணைந்துவிடும். அதனால் ஒரு குட்டித் தோடு திரையில் காட்டும் எண்ணும், சாக்லேட் சுற்றி வந்த அலுமினியத் தாள் காட்டும் எண்ணும் ஒன்றே. கொஞ்சம் பெரிய மோதிரமென்றால் குளிர்பான டப்பாவின் இழுவளையத்தோடு சேர்ந்துகொள்ளும். மெல்லிய சங்கிலி இன்னும் மோசம். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத்தான் பதில் சொல்லும், மொத்தச் சங்கிலியாகச் சொல்லாது. முழு மோதிரம் கணீரென்று கேட்கும். அதே மோதிரம் ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருந்தால் மின்னோட்டம் சுற்றிவர வழியில்லாமல் முனகலாகிவிடும்.

பெட்டியோடு வரும் வழக்கமான சுருள் பெரும்பாலும் 11 அங்குலம். ஆழமாகப் பார்க்கும், ஒரே வீச்சில் நிறைய மணலைக் கடக்கும். ஆனால் புலம் பரந்து கிடப்பதால் பொடிப் பொருள் அதில் அமுங்கிப்போகும். பொடித் தங்கம் வேண்டுமென்றால் 6 அங்குலச் சுருள் வாங்கு என்பார்கள். அண்ணாச்சி வாங்கவில்லை. "வந்த சுருளே போதும்டே. நடையத்தான் மாத்தணும்" என்பார். சுருளை மணலில் உரசாத குறையாக வைத்துக்கொள்வார். கொஞ்ச தூரத்துக்கு அப்பால், பொருளுக்கும் சுருளுக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் சிக்னல் ஏறக்குறைய 64இல் ஒரு பங்காகிவிடும். ஒரு வீச்சின் பாதி முந்தைய வீச்சின் மேல் விழும்படி நத்தை மாதிரி நகர்வார். குப்பையை வடிகட்டும் வசதியை அணைத்துவிடுவார். இரண்டு பக்கமிருந்தும் திரும்பத் திரும்ப ஒலிக்கும் எந்த முனகலையும் தோண்டுவார்.

வடிகட்டியை அணைப்பதுதான் விஷயம். மென்பொருளில் நாங்கள் தினமும் செய்யும் பேரம் இது. வேண்டாத மின்னஞ்சலை ஒதுக்கும் நிரலை இறுக்கினால் நல்ல கடிதம் ஒன்றிரண்டும் போய்விடும். தளர்த்தினால் குப்பை வந்து சேரும். அலுமினியத் தாளை ஒதுக்கச் சொன்னால் கருவி ஒதுக்கும், கூடவே மூக்குத்தியையும் ஒதுக்கும். ஈரமான உப்பு மணலிலும் இதே கதை. உப்புநீர் தானே ஒரு பலவீனமான கடத்தி. அதன் இரைச்சலை அடக்கினால் அதே இடத்தில் ஒலிக்கும் பொடித் தங்கமும் அடங்கிப்போகும். ஆக, கருவியின் குமிழைத் திருப்புவது ஒரு மதிப்பீடு. எது தொலைந்தாலும் பரவாயில்லை, எதற்காக எவ்வளவு குனியத் தயார் என்று முடிவெடுப்பது.

போன கோடையில் ஒரு நாள், ஆறு அலுமினியத் துண்டுகளுக்குப் பிறகு ஏழாவது குழியில் ஓர் ஒற்றைத் தோடு வந்தது. பூ வேலைப்பாடு, பின்னால் மரையிட்ட தண்டு, திருகாணி கழன்று போயிருந்தது. பார்த்ததும் தெரிந்தது, நம்மூர் ஆசாரி வேலை. எடை அரை கிராம். குழந்தைக்குக் காது குத்தும்போது போடுகிற அளவு. யாரோ ஒரு தாய்மாமன் வாங்கிக் கொடுத்ததாக இருக்கலாம்.

"இதை யாரோடதுன்னு விசாரிக்கணுமே அண்ணாச்சி" என்றேன்.

"அரை கிராமுக்கு எவன்டே வருவான்? பவுன் கணக்குல இருந்தா போலீஸ்ல குடுத்துருப்பேன்."

"அரை கிராமுக்கு நீங்க வந்தீங்களே."

அவர் சிரித்தார். ஆனால் நான் சொன்னது எனக்கே பிறகுதான் உறைக்க ஆரம்பித்தது. இந்த விஷயத்தில் என் முழு வாதமும் அந்த ஒரு வரிதான். அதற்கு வருவதற்கு முன்னால் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

ஆங்கிலேயச் சட்டத்தில் இதன் தொடக்கப்புள்ளி 1722இல் நடந்த ஆர்மரி வழக்கு. புகைபோக்கி துடைக்கும் ஒரு சிறுவன் நகை ஒன்றைக் கண்டெடுத்துப் பொற்கொல்லர் கடைக்கு எடுத்துப் போனான். அங்கே வேலை பழகும் ஆள் எடை போடுவது போல் கற்களைக் கழற்றிக்கொண்டு வெறும் சட்டத்தைத் திருப்பிக் கொடுத்தான். கண்டெடுத்தவன் முழு உரிமையாளன் இல்லை என்றாலும், உண்மையான உரிமையாளரைத் தவிர வேறு எல்லோருக்கும் எதிராக அவனுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தது. 1896இல் ஷார்மன் வழக்கில், குளத்துச் சேற்றைத் தூர்வாரிய தொழிலாளிக்கு இரண்டு தங்க மோதிரங்கள் கிடைத்தன. நீதிமன்றம் அவற்றை நிலத்துக்குச் சொந்தமான தண்ணீர் நிறுவனத்துக்குக் கொடுத்தது. 1982இல் பதிவான பார்க்கர் வழக்கில் விமான நிலைய ஓய்வறையில் கிடைத்த தங்கக் கைச்சங்கிலி, எடுத்துக் கொடுத்த பயணிக்கே என்று முடிவானது.

இந்த வழக்குகளைச் சேர்த்து வாசித்தால் ஒன்று கண்ணில் படும். மூன்றிலும் தொலைத்தவர் நீதிமன்றத்தில் இல்லை. எடுத்தவனும் இன்னொருவனும் யாருக்கு அதிக உரிமை என்று சண்டை போடுகிறார்கள். தொலைத்தவர் ஒரு வாக்கியமாக மட்டும் வந்து போகிறார்.

நம் நாட்டுக் குற்றவியல் சட்டம் அவரைக் கொஞ்சம் அதிகமாகவே நினைவில் வைத்திருக்கிறது. 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314, சில எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. சாலையில் ஒரு ரூபாய் கிடக்கிறது, யாருடையது என்று தெரியாமல் எடுக்கிறான்: குற்றமில்லை. விலைமதிப்புள்ள மோதிரம் கிடைக்கிறது, உரியவரைக் கண்டறிய முயலாமல் உடனே விற்கிறான்: குற்றம். நியாயமான முயற்சி எது, நியாயமான கால அளவு எது என்பது அந்தந்தச் சூழலைப் பொறுத்தது என்று விட்டுவிடுகிறது. ரூபாய்க்கும் மோதிரத்துக்கும் நடுவே எங்கோ நம் அரை கிராம் நிற்கிறது. "விலைமதிப்புள்ள" என்ற சொல்லை யார் நிறுத்துப் பார்ப்பது?

இன்னும் ஆழமாக யோசித்தவர்கள் யூத மரபின் தால்மூத் ஆசிரியர்கள். அவர்களின் மையக் கருத்து, தொலைத்தவரின் கைவிடல். 'இனி கிடைக்காது' என்று அவர் மனதுக்குள் விட்டுவிட்டால் பொருள் எடுத்தவனுக்கு. அடையாளம் உள்ள பொருளென்றால் உரியவர் நம்பிக்கையோடு இருப்பார், ஆகவே அறிவிக்க வேண்டும். அடையாளமற்ற சில்லறையென்றால் வைத்துக்கொள்ளலாம். இங்கே அபாயே, ரவா என்ற இரண்டு அறிஞர்களுக்கு ஒரு தகராறு. தொலைந்ததே இன்னும் தெரியாத ஒருவர் கைவிட்டதாகக் கொள்ளலாமா? தெரிந்திருந்தால் கைவிட்டிருப்பார், அது போதும் என்கிறார் ரவா. தெரியாமல் கைவிடுவது என்று ஒன்று கிடையாது என்கிறார் அபாயே. மரபு அபாயேயின் பக்கம் நின்றது. ஆனால் கடல் அடித்துக்கொண்டு போன பொருளுக்கு மட்டும் தளர்வு உண்டு, அடையாளம் இருந்தாலும் எடுத்தவனுக்கே. கடலிடமிருந்து யாரும் எதிர்பார்ப்பதில்லை.

சரி, அண்ணாச்சியின் கட்சி ஜெயித்தது போலத் தெரிகிறது. கடற்கரை, பொடிப் பொருள், யாரோ எப்போதோ மறந்தது.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கைவிடல் என்பது ஒரு கணக்கு. மணலில் விழுந்த அரை கிராமை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்ற நம்பிக்கையில் அந்தத் தாய் அழுது முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அவள் கைவிட்டது அந்தப் பொருளையா, தேடலையா? கண்டுபிடிக்க ஒருவர் வரப்போகிறார் என்று தெரிந்திருந்தால் முகவரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். மெட்டல் டிடெக்டர் இருக்கும் கடற்கரையில் கடல் பழைய கடல் இல்லை.

இப்போது என் வாதம். உரியவரைத் தேடும் கடமையின் அளவு, பொருளைத் தேடிய அளவுக்குக் குறையக் கூடாது. தெருவில் தற்செயலாகக் குனிந்தவனிடம் நான் அதிகம் கேட்க மாட்டேன். அந்தப் பொருள் அவனுக்கு ஒரு நொடிச் செலவு. ஆனால் ஆயிரம் டாலருக்குக் கருவி வாங்கி, தூக்கத்தை விட்டு, வடிகட்டியை அணைத்து, ஆறு குப்பைக்குக் குனிந்த ஒருவர், 'இது தேடத் தகுந்தது' என்று தன் முதுகெலும்பால் ஏற்கெனவே சாட்சி சொல்லிவிட்டார். எடுக்கும்போது இரண்டு மணி நேரத்துக்குத் தகுந்ததாக இருந்த பொருள், திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் பத்து நிமிடத்துக்குத் தகாததாக எப்படி மாறும்?

"உழைச்சு எடுத்தேன் தம்பி" என்பார் அண்ணாச்சி. ஜான் லாக் கூட உழைப்பைக் கலந்தால் உரிமை பிறக்கும் என்றார். ஆனால் அவர் பேசியது எல்லோருக்கும் பொதுவாகக் கிடப்பதைப் பற்றி. தொலைந்த தோடு பொதுச் சொத்து அல்ல. உழைப்பு அதை மணலிலிருந்துதான் பிரித்தது, உரியவளிடமிருந்து அல்ல. உழைப்புக்குக் கூலி கேட்கலாம், அது நியாயம். தொலைத்தவர்கள் அழைத்தால் வந்து தேடித் தருவதற்கென்றே டிடெக்டர்காரர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், பலர் கிடைத்தால் மனமுவந்து தருவதை வாங்கிக்கொள்கிறார்கள். அதே கருவி, அதே குனிதல். கேள்வி மட்டும் வேறு.

இன்னொரு மறுப்பு வலுவானது: பொடிப் பொருளுக்கு அடையாளம் ஏது, அறிவித்தால் பொய் சொல்லிக்கொண்டு பத்துப் பேர் வருவார்களே. காசுக்கு இது சரி. ஆயிரம் தடவை விசாரித்தாலும் ஒரு டாலர் நாணயம் யாருடையது என்று தெரியப் போவதில்லை. வழியில்லாத இடத்தில் கடமையும் முடிந்துவிடும். ஆனால் தோட்டுக்கு ஜோடி இருக்கிறது. மற்றது இன்னும் அந்த வீட்டு நகைப்பெட்டியில் இருக்கும். ஒற்றைத் தோட்டைத் தூக்கிப்போட நம் வீடுகளில் யாருக்கும் மனம் வராது. இதைவிடப் பெரிய அடையாளம் என்ன வேண்டும்?

இதைக் கடற்கரைக்கு வெளியிலும் பொருத்திப் பார்க்கலாம். ஒரு மாதத் தவணை பிந்தினால் வங்கி நம்மை எந்த ஊரிலும் கண்டுபிடித்துவிடும். அதே வங்கியில் தாத்தா போட்டுவிட்டு மறந்த தொகை பத்து ஆண்டு யாரும் தொடாமல் கிடந்தால், ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போகிறது. 2023இல் 'உத்கம்' என்ற தளம் வந்த பிறகு வாரிசுகள் பல வங்கிகளில் ஒரே இடத்தில் தேடிப் பார்க்கலாம். நல்ல காரியம். ஆனால் தேட வேண்டியவர் இப்போதும் தொலைத்தவர்தான். மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கும் எனக்கு இது உறுத்துகிறது. எடுக்கும் திசையில் நாங்கள் வடிகட்டியை முழுக்கத் தளர்த்தி வைக்கிறோம், கொடுக்கும் திசையில் இறுக்கி வைக்கிறோம். இரண்டும் ஒரே குமிழ்தான்.

அண்ணாச்சி ஒருவழியாக அந்த வட்டாரத்து இந்திய மளிகைக் கடையின் பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாள் ஒட்டினார். ஒற்றைத் தோடு, இன்ன கடற்கரை, இன்ன வாரம், ஜோடியைக் கொண்டு வரவும். எத்தனை இதழ் என்று எழுதவில்லை. இதுவரை யாரும் வரவில்லை.

"எத்தனை நாள் வச்சிருக்கணும்ங்க?" என்று போன வாரம் கேட்டார். வேண்டுமென்றேதான் மரியாதை. இஸ்லாமிய மரபு ஓராண்டு அறிவிக்கச் சொல்கிறது, மனு நூல் அரசனை மூன்று ஆண்டு பாதுகாக்கச் சொல்கிறது என்றேன்.

"நீ என்ன சொல்லுத?"

"நீங்க எத்தனை வருஷம் அலுமினியத் தாள் தோண்டுவீங்களோ, அத்தனை வருஷம்."

"அப்போ நான் போன பொறவும் அது உங்கிட்டதான் இருக்கும், பாத்துக்க" என்றார். அதற்கு நான் தயார்தான். அரை கிராம், ஒரு தீப்பெட்டியில் அடங்கிவிடும்.