அரை மில்லிமீற்றர்

பழைய ஃபைபர் கிளாஸ் பாய்ப்படகின் பக்கத்தை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையடித்த பழைய சுவரில் சாய்ந்ததுபோல் கையில் தூள் ஒட்டும். வெளியிலிருந்து வந்து படிந்த அழுக்கு என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் அந்தத் தூள் படகின் மேனியே. கழுவினால் போகாது. போக்க வேண்டுமானால் படகில் கொஞ்சத்தை எடுத்துவிட வேண்டும். எவ்வளவு எடுக்கலாம், யாருடைய கணக்கில் எடுக்கலாம் என்பதுதான் இந்த வசந்தத்தில் என் முன்னால் நிற்கும் கேள்வி.

என்னுடையது முப்பது அடி நீளமான அல்பேர்க் 30. சுவீடனில் பிறந்த கார்ல் அல்பேர்க் வரைந்த வடிவம். 1962 முதல் ரொறொன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் கட்டப்பட்டது. இதே வகைப் படகுகள் இன்றும் ஒன்ராறியோ ஏரியில் பாய் விரிக்கின்றன. கண்ணாடி இழையையும் பொலியெஸ்ரர் பிசினையும் அடுக்கடுக்காகச் சேர்த்துக் கட்டிய அதன் உடல் தடிப்பானது. வெளியே நாம் பார்க்கும் நிறமும் மினுக்கமும் ஜெல்கோட் என்ற மேல்பூச்சுக்கு உரியவை. அதன் தடிப்போ ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்தான்.

சூரியனின் புற ஊதாக் கதிர் அந்தப் பூச்சிலுள்ள பிசினைச் சிதைக்கிறது. பிடிமானம் இழந்த வெள்ளை நிறமி தூளாக மேலே வருகிறது. கையில் ஒட்டுவது அதுதான். அதை நீக்க முதலில் படகைக் கழுவிப் பழைய மெழுகை எடுக்க வேண்டும். பிறகு தேய்ப்புப் பசையைக் கம்பளிச் சக்கரத்தில் பூசி மெசினால் தேய்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் நீரில் நனைத்த அரத்தாள்: 600, 1000, 2000 என்று படிப்படியாக. ஒவ்வொரு தாளும் முந்தையது விட்ட கீறலை அழிக்கிறது. அழிப்பது என்றால் அந்தக் கீறலின் ஆழம் வரை மேற்பரப்பையே எடுத்துவிடுவது. விளிம்புகளில் பூச்சு முதலில் தீரும். தீர்ந்த இடத்தில் உள்ளிருக்கும் இழை கருமையாகத் தெரியத் தொடங்கும். அதன் பிறகு மெருகு பலிக்காது, முழுப் படகுக்கும் பெயின்ற் அடிக்க வேண்டியதுதான்.

தீசியஸின் கப்பலைப் பற்றித் தத்துவ வகுப்புகளில் பேசுவார்கள். ஒவ்வொரு பலகையாக மாற்றி முடித்த பின்னும் அது அதே கப்பல்தானா என்பது கேள்வி. என் படகில் அந்தச் சிக்கல் இல்லை. எதுவும் மாற்றப்படவில்லை. அது கடைசிவரை அதே படகுதான். ஆனால் ஒவ்வொரு மெருகுக்குப் பிறகும் அது கொஞ்சம் குறைந்த படகு.

முழங்கால் இனிப் பாய்க்கயிறு இழுக்க விடாது என்பதால் படகை விற்கப் போகிறேன். படகுத்துறையில் எனக்கு உதவும் தம்பி ஒருவர் சொன்னார்: "அண்ணை, ஒருக்கா அரத்தாள் போட்டு வடிவா மினுக்கி விடுங்கோ. பிறகு பாக்க வாற ஆள் பேரமே பேசாது." அவர் சொல்வது உண்மை. வாங்க வருபவர் மினுக்கத்தைத்தான் பார்ப்பார். மிஞ்சியிருக்கும் தடிப்பைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

வீடு விற்க முன் எல்லோரும் பெயின்ற் அடிக்கிறார்கள்தானே என்று கேட்கலாம். பெயின்ற் சுவரோடு ஒன்றைச் சேர்க்கிறது. நானோ, வாங்குபவருக்குப் போகவேண்டிய பொருளில் ஒரு பங்கைச் சுரண்டி எடுத்து, அந்தச் சுரண்டலுக்கே அவரிடம் கூடுதல் காசு கேட்கப் போகிறேன். அடுத்த முறை அவர் தேய்க்கும்போது இழை தெரிந்தால், அந்தப் பெயின்ற் செலவில் ஒரு பகுதி என்னுடையது.

அப்படியானால் கைவைக்காமல் விட்டுவிடுவது நேர்மையா? அதுவும் இல்லை. பாதுகாப்பில்லாத பூச்சை வெயில் தொடர்ந்து தின்னும். சும்மா இருப்பதால் பூச்சு மிஞ்சப்போவதில்லை. எடுப்பது நானா வெயிலா என்பது மட்டுந்தான் மாறும். ஆகவே அளவோடு எடுத்து உடனே மூடிவிடுவதுதான் முறை. மூடுவது மெழுகு. அது எதையும் எடுப்பதில்லை. ஆனால் ஒரு பருவத்துக்கு மேல் நிற்காது, வருடாவருடம் பூச வேண்டும். பத்து வருடம் கவனிக்காமல் விட்டு ஒரே வாரத்தில் கண்ணாடிபோல் ஆக்குபவரைத் துறையில் நின்று பாராட்டுவார்கள். மெழுகு பூசுபவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பூச்சை மிச்சம் வைப்பவர் அவர்தான்.

நம் வீடுகளில் நகையை மெருகு போடக் கொடுக்கும்போது நிறுத்துக் கொடுத்து, நிறுத்து வாங்குவார்கள். தட்டாரைத் திருடர் என்று எண்ணியல்ல. மெருகு என்றால் பொன் கொஞ்சம் போகும், எவ்வளவு போனது என்று இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. படகின் மேல்பூச்சை அப்படி நிறுக்க முடியாது. அதனால் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். என் காலத்தில் எந்த வருடம், எந்தப் பக்கம், எந்தப் பசையால் தேய்த்தேன் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

இந்த முறை அரத்தாள் இல்லை. மெல்லிய பசையால் ஒரு தரம், விளிம்புகளில் மெசின் படாமல் கையால், அதன்மேல் இரண்டு தடவை மெழுகு. சில இடங்கள் மங்கலாகவே இருக்கும். வாங்குபவரிடம் படகோடு கொப்பியையும் கொடுப்பேன். அதை வாசித்துவிட்டு அவர் விலையைக் குறைத்துக் கேட்டால், குறைப்பேன்.